அடைக்கோழியும் கண்ணாடிப் பெட்டியும்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டினான். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறான். கொரோனா காலத்தில் மாடியில் செடி வைக்க ஆரம்பித்தவன், இப்போது இரண்டு நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் வளர்க்கிறான்.

"தாத்தா, ஒரு கோழிக்கு உடம்பு சரியில்ல போல. மூணு நாளா ஒரே எடத்துல குந்திக்கினு இருக்கு. தீனி வச்சாலும் வரல. கைய வச்சா கொத்துது. டாக்டர்கிட்ட தூக்கினு போவணுமா?"

மேலே போய்ப் பார்த்தேன். சிறகைப் பரப்பி, உடம்பைத் தட்டையாக்கி, ஒரு அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. கிட்டே போனதும் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு 'க்ர்ர்ர்' என்று உறுமியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டாக்டர் வாணாம்டா. ஒரு பத்துப் பதினைந்து முட்டை வாணும். கோழி அடைக்கு வந்திருக்கு."

அவனுக்கு அந்தச் சொல்லே புதிது. என் வயது வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? அதனால் இந்த முறை அடைக்கோழியின் சரித்திரம். சரித்திரத்தோடு எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு காலம் அதை நான் எழுதியதில்லை.

முதலில் எங்கள் ஆயா எப்படி அடை வைப்பார் என்று சொல்கிறேன். 1950களில் புதுச்சேரியில் எங்கள் வீடு நாட்டு ஓடு போட்ட வீடு. பின்னால் கிணறு, முருங்கை மரம், விறகு அடுக்கும் தாழ்வாரம். கோழி அடைக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால் ஆயா உடனே முட்டை வைத்துவிட மாட்டார். இரண்டு நாள் பார்ப்பார். சில கோழி ஆசைக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடும். உறுதியாக உட்காருகிறது என்று தெரிந்த பிறகுதான் வேலை ஆரம்பம்.

வாயகன்ற பழைய மண்சட்டி ஒன்று. அதில் பாதி அளவுக்கு மணலும் அடுப்புச் சாம்பலும். சாம்பல் போட்டால் பேன் அண்டாது. அதன்மேல் கசக்கிய வைக்கோல். முட்டையைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார். ரொம்பப் பெரியது, ரொம்பச் சின்னது, கூர் இல்லாமல் உருண்டையாக இருப்பது எல்லாம் ஒதுக்கப்படும். பத்து நாளைக்கு மேற்பட்ட முட்டை ஆம்லெட்டுக்குப் போகும். எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. 11 அல்லது 13. கடைசியாக ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் மூன்றையும் வைக்கோலுக்கு அடியில் செருகுவார். "இடி இடிச்சா முட்ட கூமுட்டையாப் பூடும். இரும்பு இருந்தா ஒண்ணும் ஆவாது" என்பார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோழியைத் தூக்கி உட்கார வைத்து, மேலே கூடையைக் கவிழ்த்துவிடுவார்.

ஏழெட்டு நாள் கழித்து ஒரு சோதனை. எங்கள் சமையல்கட்டுக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அது வழியாக வெயில் ஒரு கம்பி மாதிரி இறங்கும். முட்டையைக் கைக்குள் குவித்து அந்த வெயிலில் பிடிப்பார். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடினால் உயிர் முட்டை. ஒரே நிறமாக வெளிச்சம் ஊடுருவினால் உயிரில்லாதது. பதினெட்டாம் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு இன்னொரு சோதனை. மிதக்கிற முட்டை தானாக லேசாகத் துள்ளும். உள்ளே இருக்கிற குஞ்சு அசைகிறது என்று அர்த்தம். நானும் என் தங்கையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

இதெல்லாம் எங்கள் ஊர்ப் பாட்டிமார் கண்டுபிடித்த வித்தை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், பிளினி என்ற ரோமானிய ஆசிரியரின் இயற்கை வரலாற்று நூலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் புரட்டிக்கொண்டிருந்தேன். (பிரெஞ்சு வழி படித்தவனுக்கு அது ஒன்றுதான் மிச்சம். 34 வருஷ அரசாங்கக் குமாஸ்தா வேலையில் மற்றதெல்லாம் கரைந்துவிட்டது.) பிளினி கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். அவர் எழுதியதன் சாரம் இது: அடைக்கு வைக்கும் முட்டை பத்து நாளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். நாலாம் நாள் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஒரே நிறமாகத் தெரிவது பலிக்காத முட்டை. தண்ணீரில் போட்டும் சோதிக்கலாம். இடி இடித்தால் முட்டை கெடும். அதற்குப் பரிகாரம், வைக்கோலுக்கு அடியில் ஓர் இரும்பு ஆணி.

படித்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆயாவுக்குப் பிளினியைத் தெரியாது. பிளினிக்கு எங்கள் ஆயாவைத் தெரியாது. அதே நூற்றாண்டில் வாழ்ந்து விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா என்பவரும் இந்த ஆணியைச் சொல்கிறார். கூடவே பூண்டும் வைக்கச் சொல்கிறார். நம்முடைய மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் மூலம் வந்தது, அவர்களுக்குக் கிடைத்திராது. அவர்கள் காலத்தில்தான் ரோமானியச் சரக்கு நம் அரிக்கமேட்டில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. உடனே 'ஆணி எந்தக் கப்பலில் வந்தது, எந்தக் கப்பலில் போனது' என்று கேட்காதீர்கள். நான் அப்படியெல்லாம் முடிச்சுப் போட மாட்டேன். கோழியை வீட்டில் வைத்திருந்தவர்கள், ஒரே கவலையை ஒரே மாதிரி பட்டிருக்கிறார்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன். இடியால் முட்டை கெடுவதில்லை. ஆனால் இடிக்குப் பயந்து கோழி எழுந்து ஓடினாலோ, கூடவே பெய்யும் மழையில் முட்டை நனைந்து குளிர்ந்தாலோ நிச்சயம் கெடும்.

இனி கோழி என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

கோழி நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு நாள் முட்டையிடுகிறது. ஆனால் எல்லாக் குஞ்சும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிக்கின்றன. எப்படி? இட்ட முட்டைக்குள் இருக்கும் கரு, சூடு கிடைக்கும்வரை வளராமல் அப்படியே காத்திருக்கும். கோழி உட்கார்ந்த அன்றுதான் எல்லா முட்டைக்கும் முதல் நாள். அடைக்கு வரும் கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பு கூடுகிறது, முட்டையிடுவது நிற்கிறது. நெஞ்சுப் பக்கத்தில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரிகிறது. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகமாகிறது. இறகு சூட்டைத் தடுக்கும் அல்லவா? அதனால் தடுப்பை நீக்கிவிட்டு, தோலையே முட்டையோடு ஒட்டவைக்கிறது. முட்டைக்கு வேண்டிய சூடு சுமார் 37.5 டிகிரி செல்சியஸ். நம் உடம்புச் சூட்டை விட ஒரு நூல் அதிகம்.

அலகால் முட்டைகளை நாளெல்லாம் புரட்டிக்கொண்டே இருக்கிறது. நடுவில் இருப்பது ஓரத்துக்கும், ஓரத்தில் இருப்பது நடுவுக்கும் போகும். புரட்டாமல் விட்டால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொண்டு செத்துவிடும். நாளுக்கு ஒரு தடவை எழுந்து போய், அவசர அவசரமாக நாலு தானியம் கொத்தி, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டு, கால்மணி அரைமணியில் திரும்பிவிடும். 21 நாள். நானும் நாற்காலியில் உட்கார்ந்தே காலம் தள்ளியவன்தான். ஆனால் காலை பதினோரு மணி டீயை ஒரு நாளும் விட்டதில்லை.

கடைசி ஓரிரு நாளில் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சு கீச்சிடும். கோழி அடிவயிற்றிலிருந்து மெதுவாகக் 'கொக் கொக்' என்று பதில் சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சமையல்கட்டிலிருந்து கேட்கும். பொரித்த குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் தீனி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மீந்த மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டிருக்கும்.

இந்தக் கோழியை ஒதுக்கிவிட்டு முட்டையை மட்டும் பொரிக்கவைக்க முடியுமா என்ற கேள்வி மனிதனுக்கு ரொம்பப் பழசு. அரிஸ்டாட்டில் தன் விலங்கு நூலில், எகிப்தியர்கள் எருக்குவியலில் முட்டையைப் புதைத்துப் பொரிக்கவைக்கிறார்கள் என்று எழுதினார். சிரகூஸ் நகரத்துக் குடிகாரன் ஒருவன், தான் உட்காரும் பாய்க்கு அடியில் முட்டையைப் புதைத்துவிட்டு, அது பொரிக்கும்வரை எழுந்திருக்காமல் குடித்ததாக ஒரு கதையையும் சொல்கிறார். அந்த நூலில் கதை மட்டும் இல்லை. அடையில் இருக்கும் முட்டையைக் கவனித்து, மூன்று நாள் ஆனதும் இதயம் ஒரு ரத்தப் புள்ளி போலத் தெரிகிறது, அது துடிக்கிறது என்று பதிவு செய்தவரும் அவர்தான். கண்ணாடி ஓட்டு வெயிலில் ஆயா பார்த்ததும் அதன் தொடர்ச்சிதான்.

எகிப்தில் அது பிற்பாடு பெரிய தொழிலாகியது. பச்சைச் செங்கல்லால் கட்டிய அடுப்பு வீடுகள். நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக அறைகள். சாணமும் வைக்கோலும்தான் எரிபொருள். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான முட்டை. வேலை பார்ப்பவர்களிடம் தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்த்துச் சூடு போதுமா என்று சொல்லிவிடுவார்கள். அந்த வித்தை அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும்.

இந்த வித்தையைப் பிரான்சுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டவர் ரெயோமூர். என்னைப்போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். தண்ணீர் 80 டிகிரியில் கொதிக்கும் என்று ஒரு தெர்மாமீட்டர் கணக்கு இருந்ததே, அந்த ரெயோமூர்தான். பாரிஸில் அவர் பெயரில் ஒரு தெருவும் மெட்ரோ நிறுத்தமும் உண்டு. பூச்சிகளைப் பற்றி ஆறு பெரிய தொகுதி எழுதியவர். 1749இல், வீட்டுப் பறவைகளை எல்லாப் பருவத்திலும் பொரிக்கவைத்து வளர்க்கும் கலை என்று ஒரு நூலை வெளியிட்டார். எகிப்து தன் பிரமிடுகளை விட இந்த அடுப்புகளுக்காகத்தான் பெருமைப்பட வேண்டும் என்பது அவருடைய கட்சி.

பாரிஸில் எகிப்தின் வெயில் இல்லை, கண்ணிமை வித்தை தெரிந்தவரும் இல்லை. அதனால் அவர் தன் தெர்மாமீட்டரைக் கோழிக்கு அடியில் வைத்து அளந்தார். அவர் கணக்கில் 32 டிகிரி. பிறகு குதிரைச் சாணத்தில் பீப்பாய்களைப் புதைத்து, அதற்குள் முட்டைகளைக் கூடையில் அடுக்கி முயன்றார். முதலில் தோல்விதான். சாணத்திலிருந்து வரும் ஆவி கருவைக் கொன்றுவிடுகிறது என்று பிற்பாடு புரிந்தது. ஆவி உள்ளே வராமல் பூசி அடைத்துப் பார்த்தார். ரொட்டி சுடும் அடுப்புக்கு மேலிருந்த அறையின் சூட்டையும் பயன்படுத்திப் பார்த்தார். தெர்மாமீட்டர் வாங்க முடியாத கிராமத்தார்க்கு ஒரு யோசனையும் சொன்னார்: வெண்ணெயும் கொழுப்பும் கலந்து ஒரு சின்னக் குப்பியில் வைத்துக்கொள்ளுங்கள், அது இளகுகிற பதத்தைப் பார்த்தே சூட்டைத் தெரிந்துகொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. குஞ்சு பொரித்துவிட்டால் வேலை முடியவில்லை என்று அவருக்குப் புரிந்தது. தாய் இல்லாத குஞ்சுகள் விறைத்துப்போயின. சூடு இருந்தால் மட்டும் போதவில்லை, முதுகில் ஏதாவது பட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அதனால் ஆட்டு ரோமத் தோலை உட்பக்கம் ஒட்டிய, சாய்ந்த கூரை போட்ட பெட்டி ஒன்றைச் செய்து, அதற்குச் 'செயற்கைத் தாய்' என்று பெயரிட்டார். குஞ்சுகள் அதற்குள் நுழைந்து தோலோடு முதுகை உரசிக்கொண்டு நின்றன. அவ்வளவு பெரிய விஞ்ஞானி ஒருவர், குஞ்சுகளுக்காக ஆட்டுத்தோல் தைத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் அவர்மேல் தனி மரியாதை வருகிறது.

அவருக்குப் பின் பொன்னமேன் என்பவர், தண்ணீரைச் சூடாக்கிக் குழாயில் ஓடவிட்டு, சூடு ஏறினால் தானாகவே நெருப்பைக் குறைக்கும் கருவியோடு ஓர் அடைகாக்கும் இயந்திரம் செய்தார். 19ஆம் நூற்றாண்டில் அது சந்தைச் சரக்கானது. 20ஆம் நூற்றாண்டில் ஹாட்சரிகள் வந்தன. எந்தக் கோழி அடைக்கு உட்காருகிறதோ அது அத்தனை நாள் முட்டையிடாது. அதனால் அடைக்கு வராத கோழியாகப் பார்த்துப் பார்த்து இனம் பெருக்கினார்கள். இன்று நாம் வாங்கும் வெள்ளை முட்டையை இடும் லெகார்ன் கோழிக்கு அடை என்பதே கிட்டத்தட்ட மறந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்லி என்ன?

இப்போது எங்கள் வீட்டுக் கதை.

1959ஆம் வருஷம், ஐப்பசி அடைமழை. எனக்கு ஒன்பது வயது. சமையல்கட்டு மூலையில் செவலைக் கோழி 13 முட்டையோடு அடையில் இருந்தது. அப்போது அம்மாவுக்கு ஏழாம் மாதம். ஒரு ராத்திரி வலி எடுத்துவிட்டது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. என் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் அதில் அடங்கும்.

அம்மாவுக்கு மறுநாளே காய்ச்சல். குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, ஆயா குழந்தையைச் சமையல்கட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். முறத்தில் பஞ்சைப் பரப்பி, பஞ்சாலேயே சுற்றி, வெந்நீர் ஊற்றிய இரண்டு பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அடுப்போரத்தில் வைத்திருந்தார். அம்மாவின் பாலைப் பீய்ச்சி எடுத்துவந்து பாலாடையால் சொட்டுச் சொட்டாக விட்டார். பாட்டில் ஆறினால் மாற்றுவது என் வேலை. ஒரு பக்கம் கோழி, ஒரு பக்கம் முறம். ராத்திரி இரண்டு மணிக்கும் நான் எழுந்து தொட்டுப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. முறத்தின் பக்கம் பாட்டில் ஆறியிருக்கும். கோழி ஆறியதே இல்லை.

நாலாம் நாள் விடியற்காலையில் குழந்தை போய்விட்டது. பெயர் வைக்கவில்லை.

அடுத்த வாரம் கோழி 13இல் 9 குஞ்சு பொரித்தது. அந்தக் கீச்சுச் சத்தத்தை அம்மாவால் தாங்க முடியவில்லை. ஆயா ஒன்றும் சொல்லாமல், கோழியையும் குஞ்சுகளையும் கூடையோடு தூக்கிப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அடை வைக்கவில்லை. கோழி அடைக்கு வந்தால் தண்ணீரில் முக்கி எழுப்பிவிடுவார்கள்.

இதற்குப் பிறகு 48 வருஷம் தாண்டி வர வேண்டும். 2007இல் என் மகளுக்கு 31ஆம் வாரத்திலேயே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, 1 கிலோ 350 கிராம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பிரான்சிலிருந்து என் தங்கை போன் செய்தாள். "அண்ணே, பாப்பா கூவேஸ்லயா இருக்கு?" என்று கேட்டாள்.

'கூவேஸ்'. ஐந்தாம் வகுப்பில் டிக்தேயில் நான் தப்பாக எழுதி, கைமுட்டியில் ஸ்கேல் அடி வாங்கிய சொல். அப்போது எனக்குத் தெரிந்த அர்த்தம் அடைக்கோழி. ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சமையல்கட்டு மூலையும் செவலைக் கோழியும் முறமும்தான் கண்ணில் வந்தன. பிறகுதான் புரிந்தது: பிரெஞ்சில் குறைமாதக் குழந்தையை வைக்கும் பெட்டிக்கும் அதே பெயர்.

வீட்டுக்கு வந்து அகராதியையும் பிறகு பழைய புத்தகங்களையும் தேடிப் படித்தேன். அது வெறும் உவமை இல்லை. பாரிஸ் பிரசவ ஆஸ்பத்திரியில் தார்னியே என்ற டாக்டர் இருந்தார். குறைமாதக் குழந்தைகள் குளிரில் சாவதைத் தினம் பார்த்தவர். பாரிஸின் விலங்குப் பூங்கா ஒன்றுக்குப் போனபோது, அங்கே கோழிக்குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தைக் கண்டார். அதைச் செய்த ஒதில் மர்த்தென் என்பவரிடமே, குழந்தைகளுக்கு இதேபோல் ஒன்று செய்து தாருங்கள் என்று கேட்டார். 1880ஆம் ஆண்டு வாக்கில் அது ஆஸ்பத்திரிக்கு வந்தது. அடியில் வெந்நீர்த் தொட்டி, மேலே குழந்தைகள். 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளில் 100க்கு 66 இறந்துகொண்டிருந்த இடத்தில், அது 38 ஆகக் குறைந்தது என்று அவருடைய உதவியாளர் 1883இல் கணக்குக் கொடுத்தார்.

1896இல் பெர்லின் கண்காட்சியில் இந்தப் பெட்டிகளை உயிருள்ள குழந்தைகளோடு வைத்துக் காட்டினார்கள். அதற்கு ஜெர்மன் மொழியில் 'குழந்தை பொரிப்பகம்' என்றே பெயர். அந்த வழியில் வந்த மார்ட்டின் கூனி என்பவர் அமெரிக்காவில் கோனி ஐலண்டு பொருட்காட்சியில் 1943 வரை இதை நடத்தினார். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். அந்த டிக்கெட் காசில்தான் குழந்தைகளைக் காப்பாற்றினார். பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. தூற்றுவதா கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று குழந்தைகள். தொற்று பரவியது. எட்கார் ரே என்ற டாக்டர், குழந்தையைத் துணி இல்லாமல் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கட்டி வைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று பெயர் வந்தது. கோழி முறை என்று வைத்திருந்தாலும் தப்பில்லை. இறகை உதிர்த்துவிட்டுத் தோலை ஒட்டவைப்பது அதுதானே?

எங்கள் பேத்தி விஷயத்திலும் அதுதான் நடந்தது. பத்தாம் நாள் நர்ஸம்மா குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து என் மகளின் நெஞ்சில் சாய்த்து, மேலே துணியால் கட்டினார். நாளுக்குப் பல மணி நேரம். பால் கொடுத்தது பாலாடையால்தான். என் அம்மாவுக்கு அப்போது 79 வயது. பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்து வந்திருந்தார். கதவின் கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் சொன்னார்:

"அன்னைக்கு அவன என் நெஞ்சு மேல போட்டிருக்கலாம் இல்ல? காய்ச்சல்தானே, ஒடம்பு நெருப்பாத்தானே இருந்துச்சு."

அந்தக் குழந்தையைப் பற்றி 48 வருஷத்தில் அம்மா என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் பதில் சொல்லவில்லை. ஆயாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாலு நாளும் அவர் கண் மூடவில்லை. தெரிந்ததை எல்லாம் செய்தார். அப்போது பாரிஸ் ஆஸ்பத்திரிகளிலும் அப்படித்தான், தாயை ஒதுக்கிவைத்துவிட்டுப் பெட்டியைத்தான் நம்பினார்கள்.

அம்மா 2013இல் காலமானார். 2021இல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. இந்தியாவில் டெல்லியிலும், ஆப்பிரிக்காவில் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளிலும் ஐந்து ஆஸ்பத்திரிகளில், உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில், 3,211 குழந்தைகளை வைத்துப் பார்த்தது. 1 கிலோ முதல் 1 கிலோ 799 கிராம் வரை எடையுள்ள குழந்தைகள். பிறந்த உடனே, உடம்பு தேறும்வரை காத்திராமல், தாயின் நெஞ்சில் சேர்த்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 100க்கு 12. முதலில் பெட்டியிலும், தேறிய பிறகே தாயிடமும் வைத்தவர்களில் ஏறக்குறைய 16. நாலில் ஒரு சாவு குறைந்தது. பேப்பரில் அதைப் படித்தபோது அம்மா ஆட்டோவில் சொன்னதுதான் காதில் கேட்டது. அந்த 1959 குழந்தை பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அம்மா கேட்டது சரியான கேள்வி. அதை அவரிடம் சொல்லத்தான் முடியவில்லை.

பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இதை எழுதுவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். "தாத்தா, அப்ப நான் கோழிக்குஞ்சா?" என்றாள். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்ற பழமொழியைச் சொல்லி, அடிக்கக் கை ஓங்கினேன்.

பக்கத்து வீட்டுக் கோழிக்கு வருவோம். பையன் ஊரிலிருந்து கொண்டுவந்த முட்டையில் 11 தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஏழாம் நாள் அவன் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம். 8இல் நரம்பு ஓடியது. அவன் அலுவலகக் கூட்டத்தை நடுவில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். இன்று பதினாறாம் நாள். நேற்று மாலை மானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் மாடிக்குப் போய், வைக்கோலுக்கு அடியில் ஓர் ஆணியைச் செருகிவிட்டு வந்தேன். இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை என்று மேலே நானேதான் எழுதியிருக்கிறேன். இருந்தாலும்.

உங்கள் வீட்டில் அடை வைக்கும்போது வைக்கோலுக்கு அடியில் என்ன வைத்தார்கள்? பாகூர்ப் பக்கம் ஒன்று, காரைக்கால் பக்கம் வேறு ஒன்று என்று இருந்திருக்கும். ஞாபகம் இருப்பவர்கள் எழுதுங்கள். அந்தக் கைகள் எல்லாம் போய்விட்டன, நாமும் போவதற்குள் எழுதி வைத்துவிடுவோம்.